முதல் வண்டிக்கே 350 சிசியா?

புதிதாக பைக் பழகுகிறவர் நேரே 350 சிசி (எஞ்சின் அளவு) வண்டி எடுக்கலாம், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. பைபாஸிலேயே ஓட்டுகிறவருக்குச் சரி. எங்கள் டெல்டா பக்கம் ஒத்துவராது சார்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடை 195 கிலோ, 100 சிசி ஹீரோ ஸ்பிளெண்டர் 112 கிலோதான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வாய்க்கால் கரை ரோட்டில் எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஓரம் கட்டி, காலை ஊன்றி நிற்க வேண்டும். ஓரமெல்லாம் களிமண். ஐப்பசி மழையில் அங்கே நின்று பார்த்தால் அந்த 80 கிலோ என்னவென்று புரியும்! ஷோரூமில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று முதலில் பாருங்கள், சிசி அப்புறம்.

அடுத்தது பிரேக். தை, மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பிரேக்கில் ஏபிஎஸ், சிபிஎஸ் என்று இரண்டு வசதி உண்டு. 2019 ஏப்ரலில் வந்த விதி, 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம், 125 சிசி வரை சிபிஎஸ் போதும் என்றது. சிபிஎஸ் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும், ஆனால் நெல்லின் மேல் அதுவும் சட்டென்று நிறுத்திவிடாது. காசு இருந்தால் ஏபிஎஸ் உள்ள 150, 160 எடுக்கலாம். இல்லையா, 100 சிசியில் மெதுவாகப் போங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் வாங்கித் தரும் அப்பாக்களுக்கு: 18 வயது ஆகாமல் கியர் வண்டிக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கிடையாது.