வெங்காயம் வதங்க ஐந்து நிமிடமாம்!

ஐந்து நிமிடத்தில் உணவுப் பதிவர் ஆகிவிடலாமாம். "சமைக்கத் தெரியுமா? போனில் கேமரா இருக்கிறதா? அப்புறம் என்ன யோசனை, இன்றைக்கே தொடங்குங்கள்!" என்று பல் தெரியச் சிரித்துக்கொண்டு பாடம் எடுக்கிற அத்தனை பேரையும் என் அடுப்படியில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு கிலோ வெங்காயத்தைக் கையில் கொடுத்து உரிக்கச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நான் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை போட்டது ஏழு பதிவு. ஏழேதான். சிரிக்காதீர்கள்.

முதலில் அந்த ஐந்து நிமிடக் கதையை முடித்துவிடுகிறேன். வலைப்பூவுக்குப் பெயர் பிடிக்கவே ஒரு வாரம் போயிற்று. நினைத்த பெயரையெல்லாம் யாரோ வாங்கிப் போட்டு, ஒரு வரிகூட எழுதாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் கிடைத்தால் வலைப்பூவை நடத்த வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருள், பக்கத்தின் தோற்றத்துக்கு ஒரு தீம், தீமுக்கு மேல் கூடுதல் வசதிகளுக்கு நாலு பிளகின். ஒரு பிளகினை அப்டேட் செய்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். தேடுபொறிக்கு நம் செய்முறை புரிய வேண்டும் என்றால், நறுக்க எவ்வளவு நேரம், வேக எவ்வளவு நேரம், எத்தனை பேருக்கு, எத்தனை கலோரி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். வரிக் கணக்குப் படிவமே தேவலாம். சரி, இதெல்லாம் ஒருமுறை கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடுகிற எரிச்சல். என் வயிற்றெரிச்சல் வேறு.

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிச் செய்கிற ஒரு சூப்தான் என் முதல் பதிவு என்று முடிவு செய்திருந்தேன். வீட்டில் நூறு முறை செய்தது, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாதே. எத்தனை நிமிடம் என்று போட வேண்டுமே. சந்தேகத்துக்கு நாலைந்து குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: "வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை வதக்கவும், 5 நிமிடம்."

சாயங்காலம் நாலரை மணிக்கு வெங்காயத்தைச் சட்டியில் போட்டு டைமரைத் தட்டினேன். ஐந்து நிமிடத்தில் பச்சை வாசனைகூடப் போகவில்லை. பத்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகித் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடந்தது. இருபதாவது நிமிடத்தில் லேசான மஞ்சள். தீயைக் கூட்டினால் ஓரம் கருகுகிறது, நடு அப்படியே வெளுத்துக் கிடக்கிறது. கூட்டக் கூடாதுதான். வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் பெருமளவு ஆவியாகும் வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் நன்றாகப் பிடிக்கச் சுமார் 140 டிகிரி வேண்டும். இதில் ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது? டைமரைப் பார்த்தபோது 45 நிமிடம் காட்டியது. அப்போதுதான் அந்தத் தேன் நிறம் வந்திருந்தது.

நிறம் வந்தது, வெளிச்சம் போய்விட்டது.

இது சாப்பாட்டைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். ஜன்னல் பக்கத்தில் மேசையைப் போட்டு, எதிர்ப்பக்கம் நிழல் விழாமல் இருக்க வெள்ளை அட்டையை நிறுத்தி, கிண்ணத்தைத் துடைத்து, ஸ்பூனை ஏதோ தற்செயலாக வைத்த மாதிரி பத்து தடவை வைத்துப் பார்த்து, எல்லாம் தயார். சூரியன் மட்டும் எனக்காகக் காத்திருக்கவில்லை. விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். வீட்டில் மாட்டியிருப்பது 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500. ஜன்னலில் மிச்சமிருந்த நீல வெளிச்சமும் பல்பின் மஞ்சளும் கலந்து விழுந்ததில், போன் பாவம் குழம்பிப்போய்விட்டது. முக்கால் மணி நேரம் கரண்டியும் கையுமாக நின்று கொண்டுவந்த அந்தத் தேன் நிறம், படத்தில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் இருந்தது.

"சாப்பிடலாமா?" என்று சின்னவள் ஸ்பூனோடு வந்தாள். "தொடாதே!" என்று கத்தினேன். பசியோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்து, சாப்பாட்டின் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை உலகத்துக்குச் சொல்வதற்காகக் கத்தினேன். சூப் மூன்று முறை ஆறி, மூன்று முறை சூடாகி, ராத்திரி ஒன்பதரைக்கு வயிற்றுக்குள் போனது. பெரியவன் மட்டும் நல்ல பிள்ளையாக, "படத்தைவிட நிஜத்தில் நன்றாக இருக்கிறது" என்றான்.

அடுத்தது அளவு. என் கேக் குறிப்பைப் பார்த்துச் செய்த தோழி போன் செய்தாள். நடுவில் பள்ளம் விழுந்து, உள்ளே கூழாக இருக்கிறதாம். "சொன்னபடிதானே செய்தாய்?" "ஆமாம், எல்லாம் கப் கணக்குதான்." "எந்தக் கப்?" "காபி குடிக்கிற கப்!" அந்தக் கப்பில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கச் சொன்னேன். 310 மில்லி. என் கப் 240. மாவு, பால், சர்க்கரை எல்லாம் முப்பது சதவீதம் கூடிவிட்டது. முட்டையும் பேக்கிங் பவுடரும் மட்டும் என் கணக்கிலேயே நின்றன. டின் தளும்ப மாவு நின்றால் ஓரம் வேகும், நடு எப்படி வேகும்?

அவளைத் திட்ட வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டேன். தப்பு என்னுடையது. கப் என்று எழுதினேனே தவிர, எந்தக் கப் என்று எழுதவில்லை. சில நாடுகளில் அது 250 மில்லி, அமெரிக்காவில் சுமார் 237. ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூனே 20 மில்லி, மற்ற பல இடங்களில் 15. அதே கப்பில் மாவை மெதுவாகத் தூவி நிரப்பினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150. அளவை மட்டமாகத் தட்டி எடுங்கள் என்று அமெரிக்காவில் சமையல் புத்தகம் எழுதிய ஃபேனி ஃபார்மர் 1896-லேயே அச்சுப் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார். நான் இந்தக் காலத்தில் உட்கார்ந்து "தேவையான அளவு" என்று எழுதிக்கொண்டிருந்தேன்! தராசு வாங்கினேன். அந்தக் கேக்கை நாலு முறை திரும்பச் செய்தேன். நாலாவது நாள் வீட்டில் கேக் என்ற வார்த்தையைச் சொன்னாலே எல்லாரும் எழுந்து போனார்கள்.

இப்போது சொல்லுங்கள், தொடங்குகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் "எழுதியதைத் திரும்பச் செய்து பார்த்தாயா?" என்று கேட்கிறார்கள்? நான் பார்த்தவரையில் ஒருவர்கூட இல்லை. ஆட்கள் தேடுகிற சொல்லைப் (கீவேர்டு) பிடி, தலைப்பில் எண் போடு, முதல் மூன்று வினாடியில் ஆளைப் பிடி, தினமும் ரீல்ஸ் போடு. அவ்வளவுதான் பாடம். காணொளி பக்கம் போகலாம் என்றால், யூடியூபில் விளம்பரக் காசு பார்க்க ஆயிரம் சந்தாதாரர், ஒரு வருடத்துக்குள் 4000 மணி நேரப் பார்வை வேண்டும். அதாவது 2,40,000 நிமிடம். ஒருவர் மூன்று நிமிடம் பார்த்தால் எண்பதாயிரம் முறை பார்க்க வேண்டும். ஷார்ட்ஸ் என்கிற குட்டிக் காணொளியாகப் போட்டுப் பிடிக்கலாம் என்றால் அதற்குக் கணக்கே தனி, மூன்று மாதத்தில் ஒரு கோடிப் பார்வை. முப்பது வினாடிப் படத்தில் என் 45 நிமிட வெங்காயம் எவ்வளவு நேரம் வரும்? இரண்டு வினாடி. வெள்ளையாகப் போட்டார், கரண்டியைச் சுழற்றினார், பொன்னிறம்!

இப்படித்தான் ஐந்து நிமிடம் என்ற பொய் ஊர் சுற்றுகிறது. வெறும் பொருட்பட்டியலுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, அதனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போடுகிறார். எடுக்கிறவர் செய்து பார்த்தால் அல்லவா தப்பு தெரியும்? உப்போடு, புளிப்போடு, அந்த ஐந்து நிமிடமும் அப்படியே அடுத்த வீட்டுக்குப் போகிறது. அங்கே முதல் தடவை அடுப்புப் பக்கம் வந்த யாரோ ஒரு பிள்ளை, பச்சை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குச் சமைக்க வராது என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு ரத்தம் கொதிப்பது அங்கேதான்.

போன வாரம் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவர் என் பக்கத்தைப் பார்த்தார். படம் பரவாயில்லை, எழுத்தும் பரவாயில்லை என்றார். சூப்புக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். "வெங்காயத்துக்கு மட்டும் 45 நிமிடமா? இதைப் பார்த்தால் எவன் உள்ளே வருவான்? பதினைந்து என்று மாற்று."

"வராவிட்டால் போகட்டும், 45தான்" என்றேன்.

"அப்போ பொன்னிறம் என்பதையாவது எடுத்துவிடு" என்றார். எழுந்து போய் அவருக்கு ஒரு கிண்ணம் சூப் சூடாக்கிக்கொண்டு வந்து வைத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தார்.