டிம் யார், மேம்?

கலைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு சிறு ஒலிப்பதிவைப் போட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்’ என்று அதில் ஒரு வரி. பாதிப் பேர் ‘டோல்ட் டிம்’ என்று எழுதியிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “டிம் யார், மேம்? முன்னால் வரவே இல்லையே?” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் காதில் கோளாறு இல்லை. பேசியவர் ‘ஹிம்’மின் ஹகரத்தை விழுங்கிவிட்டார், மிச்சமிருந்த ‘இம்’ முன்னால் நின்ற டகரத்தின்மேல் ஏறிக்கொண்டது.

இதை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஒலிப்பதிவைப் போடுகிறோம், ஐந்து கேள்வி கேட்கிறோம், மதிப்பெண் இடுகிறோம். அது தேர்வு, அதைப் பாடம் என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். ‘புரியாத சொல்லை விட்டுவிடு, சூழலை வைத்து ஊகி’ என்று அறிவுரை வேறு. ஊகிப்பதற்கு நாலு சொல்லாவது பிடிபட வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், இதற்கான இலக்கணம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளியில் புணர்ச்சி படித்தவர்கள்தானே! ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்ற நன்னூல் நூற்பாவைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே ‘பிக் + இட் + அப்’ என்று போட்டேன். ‘பிக்கிட்டப்’ என்று அவர்களே சேர்த்தார்கள். ‘சீ + இட்’? சீயிட். ‘கோ + அவே’? கோவவே. ஈகாரத்துக்கு யகரம், ஓகாரத்துக்கு வகரம் என்று உடம்படுமெய் அப்படியே வந்து நிற்கிறது. தமிழ்த்துறை நண்பரிடம் இதைச் சொன்னேன். மனிதர் மகிழ்ந்துபோய் டீ வாங்கித் தந்தார்.

எல்லாமே இப்படிப் பொருந்திவிடாது. தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஏறத்தாழ உரிய இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் சொல்லுக்குத்தான் மரியாதை. ‘டு’, ‘ஆஃப்’, ‘ஹேவ்’ எல்லாம் நசுங்கிப்போகும். ‘ஐ கேன் கம்’ என்பதில் ‘கேன்’ வெறும் ‘க்ன்’ ஆகிவிடும். அமெரிக்கர் வாயிலிருந்து ‘கேன்’ அழுத்தமாக விழுந்தால், அது பெரும்பாலும் டகரம் தொண்டையில் நின்றுபோன ‘கேன்ட்’. வர முடியுமா முடியாதா என்பதே அந்த அழுத்தத்தில் இருக்கிறது.

இப்போது ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு இருபது நிமிடம் செலவிடுகிறேன். மூன்றாம் முறை கேட்கும்போது எழுத்து வடிவத்தையும் கையில் கொடுத்து, காது வழுக்கிய இடங்களில் கோடிடச் சொல்கிறேன். “வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், கேட்டு விடையளிக்கும் 40 கேள்விகளுக்கும் ஒரே முறைதானே போடுவார்கள், இங்கே எதற்கு மூன்று முறை?” என்கிறார் உடன் பணியாற்றுபவர். நீச்சல் கற்பவனை முதல் நாளே போட்டியில் இறக்கிவிடுவாரா என்று கேட்டேன். பதில் வரவில்லை. பாடத்திட்டம் எப்போது முடியும் என்று அவர் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லைதான்.

நேற்று அந்தக் கடைசி பெஞ்ச் மாணவன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். கிரிக்கெட் வர்ணனையில் விக்கெட் விழுந்ததும் ‘காட் ஹிம்’ என்பதை ‘காட்டிம்!’ என்று கத்துகிறார்களாம். “அங்கேயும் டிம் வந்துவிட்டான், மேம்” என்றான்.