பழவேற்காட்டுக்கு நண்டு சாப்பிட மட்டும் போகாதீர்கள்

போன மாதம் சென்னையிலிருந்து தங்கை குடும்பத்தோடு பொன்னேரிக்கு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணா, பழவேற்காடு போலாமா? குட்டிப் பாண்டிச்சேரி மாதிரி இருக்காமே, ரீல்ஸ்ல பார்த்தேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். சின்ன வயதில் மாமாவின் சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து கருவாடு வாங்கப் போன ஊர். அதை இன்னொரு ஊரின் குட்டி என்று சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்.

சரி, கூட்டிப் போனேன். பாண்டிச்சேரியைத் தேடியவளுக்கு ஏமாற்றம்தான். மஞ்சள் சுவர் கிடையாது, காபிக் கடைகள் கிடையாது. பாலம், மீன் வாடை, வெயிலில் காயும் வலைகள், அக்கரையில் கலங்கரை விளக்கம். அப்புறம், ஊருக்குள்ளேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வாசலிலேயே எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே 76 கல்லறைகள். கருங்கல்லில் பூ வேலைப்பாடு, குடும்பச் சின்னங்கள், டச்சு மொழியில் எழுத்துகள். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் எழுத்து கூர்மையாக இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அதனால் தப்பித்தது. தங்கை மகள் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, "இவங்கல்லாம் இங்க எதுக்கு மாமா வந்தாங்க?" என்று கேட்டாள்.

துணிக்கு வந்தார்கள். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மலுக்கா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக்காசைவிட நம் பக்கத்து நெசவுத் துணி நன்றாகச் செல்லுபடியானது. அதற்காக இந்தக் கரையில் ஓர் இடம் தேடினார்கள். 1610-ல் விஜயநகர அரசர் வெங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கினார்கள். போர்ச்சுக்கீசியர் வந்து பண்டகசாலையைச் சூறையாடினார்கள். பிறகு 1613-ல் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அப்போது சென்னை என்ற பட்டணமே இல்லை. ஆங்கிலேயர் அங்கே இடம் வாங்க இன்னும் 26 வருடம் இருந்தது. அதற்கு முன் அவர்களும் 1620-களில் இங்கே டச்சுக்காரர்களோடு ஒண்டியிருந்து பார்த்துவிட்டு, ஒத்துவராமல் ஏரியின் வடகோடிப் பக்கம் துர்க்கராயப்பட்டினத்துக்குப் போனவர்கள்தான். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வியாபாரம் முழுக்கப் பழவேற்காட்டிலிருந்துதான் நடந்தது. கோட்டைக்குள் காசு அடித்தார்கள், ஊரில் வெடிமருந்து செய்தார்கள். கடைசியாக 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வரும்போதெல்லாம், குறிப்பாக 1640-களின் பஞ்சத்தில், வயிற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள், பிடித்துக்கொண்டு வந்து விற்கப்பட்டவர்கள் என ஆயிரக்கணக்கானோரைச் சோழமண்டலத் துறைகளிலிருந்து டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. பெரும்பாலும் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு. பழவேற்காடு அந்த வியாபாரத்தின் பெரிய துறைகளில் ஒன்று. ஏற்றி அனுப்பியவர்களுக்குப் பூ வேலைப்பாட்டோடு கல் இருக்கிறது. ஏறிப் போனவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

கல்லறைகளை இடிக்கச் சொல்லவில்லை. தயவுசெய்து யாரும் கமென்ட்டில் அங்கே போய்விடாதீர்கள். அவை அருமையான கல் வேலைகள், இன்னும் நன்றாகப் பாதுகாக்க வேண்டும். நான் கேட்பது ஒரு பலகை. தமிழிலும் தெலுங்கிலும் பத்து வரி போதும். இந்தக் கரையிலிருந்து யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று. டச்சுப் பாரம்பரியம், டச்சுப் பாரம்பரியம் என்று சுற்றுலாத் துண்டறிக்கையில் போடும்போது அந்தப் பாரம்பரியத்தின் இந்தப் பக்கத்தையும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

கோட்டையைப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டார். முள்ளுக்காட்டைக் காட்டினேன். ஆங்கிலேயர் இடித்தது போக மிச்சம் இருப்பது மேடும் அகழித் தடமும்தான். அவர் போனை எடுத்து, என்னத்தைப் படம் எடுப்பது என்று தெரியாமல் மறுபடியும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

டச்சுக்காரர்களைத் தவிர அந்த ஊரில் வேறு கதையே இல்லை என்பதுபோலப் பேசுகிறவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. செம்புரைக்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் உள்ளங்கை அளவுச் சிற்பங்களாக ராமாயணம் ஓடுகிறது. பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள், பிளாஸ்டிக் டப்பா மேல் வெறுப்பு வந்துவிடும். இவை எதுவும் ரீல்ஸில் வருவதில்லை.

ஏரிக்கு வருகிறேன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வர, இரண்டும் கலந்த தண்ணீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எல்லாம் போச்சு. உள்ளூரில் எந்த மீனவரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் முகத்துவாரம் வந்துவிடும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். தரையிலாவது ஆரம்பாக்கம் தாண்டினால் தடா என்று பலகை இருக்கும். தண்ணீரில் எங்கே கோடு போடுவது? 1960 ஏப்ரல் 1-ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. எங்கள் பொன்னேரி தாலுகாவிலிருந்தும் கிராமங்கள் கைமாறின. என் பாட்டி அந்தக் கிராமங்களில் இருந்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசினால் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகத்தான் பேசுவாள். ஆனால் தண்ணீரில் அந்தக் கோட்டால் சண்டை வருகிறது. எந்த ஊர் வலை எதுவரை போகலாம் என்பதில் இரண்டு மாநில மீனவர்களும் மோதிக்கொண்ட நாட்கள் உண்டு. இத்தனைக்கும் இங்கே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. நல்ல மீன் விழும் இடங்களை முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அந்த முறைக்குள் வராதவர்களும் உண்டு. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறியை, அதாவது மீன் போடும் கூடையை, வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் பிடிப்பதைப் பார்த்தால் நண்டு ரோஸ்ட் விலையைப் பற்றிப் பேரம் பேச நாக்கு வராது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவினால் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே தெரியும். நமக்கு அது வேடிக்கை. இவர்களுக்கு அன்று கடலில் கட்டுப்பாடு.

ஆந்திர அரசை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். சூளூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடத்துகிறார்கள். நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடத்தைச் சுற்றுலாப் பயணி பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அண்ணாமலைச்சேரி வரை போனால் அதே பூநாரைகள், அதே ஏரி. ஆனால் கேட்க ஆளில்லை. திருவிழா வேண்டாம், ஒரு பார்வைக் கோபுரம், நல்ல கழிப்பறை, பறவை தெரிந்த உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேருக்கு வழிகாட்டி வேலை. ரிசார்ட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

படகு விஷயம் சொல்லாமல் முடிக்க முடியாது. கரையில் நின்றபோது ஒருவர் வந்து, "பத்து நிமிஷம் சார், சும்மா ஒரு ரவுண்டு" என்றார். குழந்தை குதித்தது. நான் மறுத்துவிட்டேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை. தடை போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. கேட்பவர் இருக்கும்வரை படகு கிடைத்துக்கொண்டுதான் இருக்கும், உயிர்காப்பு உடுப்பு இல்லாமல். மீனவர் சங்கத்துக்கே உரிமம் கொடுத்து, இத்தனை பேர்தான், உடுப்புப் போட்டால்தான், காற்று அடித்தால் கிடையாது என்று வைத்தால் ஆபத்தும் குறையும், அவர்களுக்கும் வருமானம். அதுவரை நீங்கள் ஏறாதீர்கள். தடா அருவிக்குப் போகிற பையன்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஆழம் தெரியாத குட்டையில் குதிக்காதீர்கள்.

திரும்பும் வழியில் தங்கை இரண்டு கிலோ நண்டு வாங்கினாள். மகள் ஒரு ஓலைப்பெட்டி வாங்கி, அதில் கிளிஞ்சல்களைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள், பறவைகள் இருக்கும். காலையிலேயே வந்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. பொன்னேரி வந்ததும் இன்பாக்ஸில் சொன்னால் நானே கூட வருகிறேன். நண்டுக் குழம்பு உங்கள் செலவு.