ஹென்றி ஃபோர்டின் அப்பா இயந்திரங்களை வெறுத்தவரா?

"கார் நிறுவனம் தொடங்கிய ஹென்றி ஃபோர்டின் அப்பா இயந்திரம் என்றாலே எரிந்து விழும் விவசாயி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. வில்லியம் ஃபோர்ட் கைத்தொழில் தெரிந்த தச்சர். 1847இல், பஞ்ச காலத்தில், அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறினார். அமெரிக்காவில் மிச்சிகனின் டியர்பார்ன் வந்து சேருமுன்பே தாய் தாமசீனா இறந்துவிட்டார், பாவம். வில்லியம் ரயில்பாதை நிறுவனத்தில் தச்சு வேலை பார்த்தார், அப்புறம்தான் சொந்த நிலம். 1861இல் மேரியை மணந்தார், 1863இல் ஹென்றி பிறந்தார்.

அப்பா இயந்திரங்களை வெறுத்தார் என்ற கதையைப் பரப்பியதே ஹென்றிதான். அப்பாவுக்குத் தெரியாமல் ராத்திரியில் கடிகாரம் பழுதுபார்த்ததாகச் சொன்னார். தங்கை மார்கரெட் அதை ஏற்கவில்லை. அப்பாவிடம் நல்ல கருவிகள் இருந்தன, ஹென்றி அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினார் என்பதுதான் அவர் நினைவு. 1876இல், புது இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்த பிலடெல்பியா கண்காட்சிக்கே போய்வந்தவர் வில்லியம். அதே ஆண்டு, அப்பா ஓட்டிய குதிரை வண்டியில் டெட்ராய்ட் போகும் வழியில்தான், சாலையில் தானாக நகர்ந்துவந்த நீராவி எஞ்சினை ஹென்றி முதன்முதலாகப் பார்த்தார். வண்டியிலிருந்து குதித்து ஓடி, அதை ஓட்டியவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாராம்.

மகன் விவசாயத்திலேயே இருக்க வேண்டும் என்று வில்லியம் ஆசைப்பட்டது உண்மை. அதற்காக நிலமும் கொடுத்தார். அந்த ஆசையை வெறுப்பு என்று எழுதுவது அந்தத் தச்சருக்குச் செய்யும் அநியாயம்.