பெயர்ப்பலகைக்கு வெளிச்சம்

குடித்தனக்காரர்: அண்ணாச்சி, கொஞ்சம் குறைக்க முடியுமா?

வீட்டுக்காரர்: பதினோரு மாசம் முடியட்டும் தம்பி. ஏற்றத்தான் போகிறேன், குறைக்கிற பேச்சே கிடையாது.

குடித்தனக்காரர்: வாடகையைச் சொல்லவில்லை. வெளி லைட்டை.

வீட்டுக்காரர்: லைட்டைக் குறைத்தால் வாடகை குறையும் என்று உனக்கு யார் சொன்னது?

குடித்தனக்காரர்: வாடகையை விடுங்கள். காம்பவுண்டு சுவர் மேல் நாலு உருண்டை லைட், சன்ஷேடில் ரெண்டு ஃபோகஸ் லைட். என் மீட்டரில் விடிய விடிய எரிகிறதே, அதைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர்: எல்லாம் எல்.இ.டி. தம்பி. கரண்டே இழுக்காது.

குடித்தனக்காரர்: இழுக்காமல் எப்படி எரியும்? உருண்டை ஒவ்வொன்றும் 9 வாட், ஃபோகஸ் ஒவ்வொன்றும் 50 வாட். மொத்தம் 136 வாட். சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை எரிந்தால் ரெண்டு மாசத்துக்கு 98 யூனிட். அதுவும் நீங்கள் ஆறு மணிக்கு எழுந்தால்! ஞாயிற்றுக்கிழமை சூரியனும் ஃபோகஸ் லைட்டும் சேர்ந்தே எரிகின்றன.

வீட்டுக்காரர்: நூறுகூட வரவில்லையே!

(இன்னொருவர் மீட்டரில் ஓடும் யூனிட் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்.)

குடித்தனக்காரர்: அந்த 98தான் என் 430-ஐ 528 ஆக்குகிறது. 500-ஐத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டுமா ரேட் ஏறும்? கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும்.

வீட்டுக்காரர்: அதற்குத்தான் ஃபேனை அணைத்துவிட்டுத் தூங்கு என்கிறேன். எங்கள் காலத்தில் பனையோலை விசிறிதான்.

குடித்தனக்காரர்: அப்போது ஃபோகஸ் லைட் இருந்ததா?

வீட்டுக்காரர்: திருடன் இருந்தான்.

குடித்தனக்காரர்: அவனுக்கும் விசிறிதானா?

வீட்டுக்காரர்: விளையாடாதே. வெளிச்சம் இருந்தால் திருடன் வரமாட்டான்.

குடித்தனக்காரர்: தூக்கமும் வராது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத்தான் படுக்கிறார். ஒரு சென்சார் லைட் போடலாமே? உடம்புச் சூடு நகர்வதைக் கண்டுபிடித்து எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். ஆள் வந்தால்தான் லைட்.

வீட்டுக்காரர்: நன்றாக இருக்கிறதே! வீடு கட்டினவன் இருட்டில் கிடக்கணும், திருடன் வந்தால் லைட் போட்டு வரவேற்கணுமா?

குடித்தனக்காரர்: வரவேற்க இல்லை அண்ணாச்சி, அவன் திடுக்கிட. சட்டென்று எரிந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். விடிய விடிய எரிகிற லைட்டை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வீட்டுக்காரர்: பூனை வந்தால்?

குடித்தனக்காரர்: எரியும்.

வீட்டுக்காரர்: நாய்?

குடித்தனக்காரர்: எரியும்.

வீட்டுக்காரர்: அப்புறம் வந்தது திருடனா நாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?

குடித்தனக்காரர்: இப்போது மட்டும் தெரிகிறதா? உண்மையைச் சொல்லுங்கள், அந்த ரெண்டு ஃபோகஸும் கேட்டைப் பார்க்கவே இல்லை. உங்கள் பெயர்ப்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வீட்டுக்காரர்: பி.ஏ., பி.எல். என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

குடித்தனக்காரர்: ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த நாலு பேருக்கு?

வீட்டுக்காரர்: திருடனுக்கு. வக்கீல் வீடு என்றால் பயப்படுவான்.

குடித்தனக்காரர்: எதற்குப் பயப்படுகிறான்? கேஸ் போட்டால் வக்கீலைத் தேடி அலைய வேண்டாம் என்று சந்தோஷப்படுவான். மாடிப்படிக்கு ஒரு பல்பு போடுங்கள் என்று தீபாவளியிலிருந்து கேட்கிறேன். என் மாமியார் சுவரைத் தடவித் தடவி ஏறுகிறார்கள். ஆள் நடக்கிற இடம் இருட்டு, பலகைக்கு 100 வாட்.

வீட்டுக்காரர்: படிக்கெல்லாம் லைட் போட்டால் கரண்டு செலவாகும் தம்பி.

குடித்தனக்காரர்: எல்.இ.டி. போடுங்கள். அதுதான் கரண்டே இழுக்காதே?

வீட்டுக்காரர்: அது... படிக்கு வேற வயரிங். என் மீட்டரில் வரும்.

குடித்தனக்காரர்: ரொம்ப நல்லது. கரண்டே இழுக்காத இந்த ஆறு லைட்டையும் அந்த மீட்டரிலேயே சேர்த்துவிடலாமா?

(கொஞ்ச நேரம் சத்தமில்லை. அண்ணாச்சி முதல் முறையாக சன்ஷேடை அண்ணாந்து பார்க்கிறார்.)

வீட்டுக்காரர்: அந்த சென்சார் என்ன விலை சொன்னாய்?

குடித்தனக்காரர்: இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர்: என்ன விலையாக இருந்தாலும் நீயே வாங்கி மாட்டிவிடு. உன் மீட்டர்தானே. வீட்டைக் காலி பண்ணும்போது மட்டும் கழற்றிக்கொண்டு போகக்கூடாது, சொல்லிவிட்டேன்.