குதிரைக்கு இரண்டு கேப்ஸ்யூல் போதுமா?

"வயிற்று அமிலத்தைக் குறைக்க நாம் சாப்பிடும் ஒமெப்ரசோல் 20 மி.கி. கேப்ஸ்யூல் இரண்டைப் பொடித்துத் தீவனத்தில் கலந்தால் குதிரைக்கு வயிற்றுப்புண் வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த தடுப்பு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., தினம் ஒருவேளை. 450 கிலோ குதிரைக்கு 450 மி.கி. வேண்டும், இரண்டு கேப்ஸ்யூலில் இருப்பதோ வெறும் 40. அதையும் பொடித்தால் உள்ளிருக்கும் குருணைகளின் மேல்பூச்சு உடைந்து, மருந்து வயிற்று அமிலத்திலேயே சிதைந்துவிடும். ஆக, 23 கேப்ஸ்யூலைப் பொடித்துப் போட்டாலும் கணக்குத்தான் சரியாகும்! தீவனத்தோடு கொடுத்தால் மருந்து உறிஞ்சப்படுவதும் குறையும்.

புண் ஏற்கெனவே இருந்தால் அளவு கிலோவுக்கு 4 மி.கி.; இருக்கிறதா என்பதை எண்டோஸ்கோப்பியில்தான் உறுதிசெய்ய முடியும். குதிரைகளுக்கான ஒமெப்ரசோல் மருந்தான அல்சர்கார்ட் பேஸ்ட்டின் லேபிளில் தடுப்பு அளவைச் சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி அனுப்பாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.