படை அருங்காட்சியகத்தில் சிப்பாய்க்கு இடம் வேண்டும்

டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நினைவுச் சின்னம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகம் இன்னும் வரவில்லை. தாமதத்தைவிட, அதில் யாருடைய கதை இருக்கப்போகிறது என்பதே என் கவலை. வடசென்னைக்காரனாகிய எனக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

மதராஸ் ரெஜிமென்ட், இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. அதன் தொடக்கம் 1758. அந்த ஆண்டு டிசம்பரில்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி இன்றைய ஜார்ஜ் டவுனுக்குள் புகுந்து ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். 1769இல் மைசூரின் ஹைதர் அலி நகரத்தின் வாசலுக்கே வந்து அவர்களை உடன்படிக்கை எழுத வைத்தார். அந்த அச்சத்தில் எழுந்த மதிலின் மிச்சம்தான் பழைய ஜெயில் ரோட்டில் நிற்கும் மாடிப்பூங்கா. மதில் செலவுக்கு வரி போட நினைத்தார்கள், வசூலிக்க முடியவில்லை. வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் இடங்கள் இவை. படை வரலாறு என்று சொல்லும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அருங்காட்சியகம் என்றால் பீரங்கி, வாள், தளபதிகளின் எண்ணெய் ஓவியம் என்று போய்விடுவார்கள். நான் கேட்பது வேறு. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தவர்கள் ஆங்கிலேயரின் மதராஸ் படையில் இருந்த சிப்பாய்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளை அவர்கள் பொறுக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை சில மணி நேரத்தில் அவர்களை அடக்கியது, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். படைப்பிரிவுகளின் வெற்றிக் கொடிகள் தொங்கும் அதே கூடத்தில் இவர்களும் இருக்க வேண்டும். பின்பக்கத்து அறையில் அல்ல.

இன்னொரு அநியாயமும் சொல்லப்பட வேண்டும். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டாருக்குப் போர்க்குணம் இல்லை என்று தீர்மானித்தவர். அந்தக் கருத்து அரசின் கொள்கையாகி, தெற்கின் படைப்பிரிவுகள் அடுத்தடுத்துக் கலைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் படையில் இருந்த பறையர் குடும்பங்களிடமிருந்து அது சோற்றையும் மானத்தையும் சேர்த்துப் பறித்தது. 1944இல் இத்தாலியில், தோழர்களைக் காக்கக் கண்ணிவெடி மீது தன் உடலைக் கிடத்தி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்தவர். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருதைப் பெற்றவர். ராபர்ட்ஸுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறியவர்களிடம் கேட்டால் நேதாஜியின் படையைப் பற்றிச் சொல்வார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்தவனும் அதை எதிர்த்து நின்றவனும் நம் பிள்ளைகள்தான். இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் நேர்மை தேசிய அருங்காட்சியகத்துக்கு இருந்தாக வேண்டும்.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் முதல் உலகப்போர்ப் பதக்கம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரை மேல் வெற்றுடம்போடு ஒரு வீரன். விளிம்பைத் திருப்பினால் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. நகத்தால் தடவினால் எழுத்து தட்டுப்படும். வெள்ளி என்பதால் கஷ்ட காலத்தில் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பியது என்றார் அந்த வீட்டுப் பாட்டி. தன் தாத்தா எந்த நாட்டில் சண்டையிட்டார் என்று அவருக்குத் தெரியாது. எத்தனை பதக்கங்கள் மீட்கப்படாமலே உருகிப் போயிருக்கும்! லண்டன் செல்சியில் உள்ள பிரிட்டிஷ் படை அருங்காட்சியகம் 1947 வரையிலான இந்தியப் படையின் பொருட்களையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. நம்மிடம் இருப்பதை நாம் இன்னும் கணக்கெடுக்கக்கூட இல்லை.

ஆகவே கட்டடத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் முகாம் போடுங்கள். வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் போங்கள். பொருளை எடுத்துச் செல்ல வேண்டாம். படம் எடுங்கள், விளிம்பில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டார் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். அந்த எண்ணுக்குரிய ஆவணம் கிடைத்தால் அதன் நகலைத் தமிழில் எழுதி அதே வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள்.